பித்தளைக் கோதும் அதன் உட்பகையும்

மனிதன் கைக்கு இணங்கி வரும் உலோகங்களுள் பித்தளை தலைசிறந்தவற்றுள் ஒன்று. கன்னார் கையில் அது குத்துவிளக்காகும், குடமாகும், தாம்பாளமாகும். அடித்தால் விரியும், இழுத்தால் நீளும், துலக்கினால் பொன்போல் ஒளிரும். இத்துணைப் பணிவுடைய உலோகம் தன்மீது விழுந்த ஒவ்வோர் அடியையும் தன்னுள்ளே பதித்து வைத்துக்கொள்கின்றது என்பதும், காலமும் காற்றும் வாய்த்தவிடத்து ஒருநாள் தானே வெடித்துப் பிளந்துவிடுகின்றது என்பதும் பலர் அறியாதன. இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவை, பிரித்தானியர் ஆட்சிக்காலத்து இந்தியாவிலே, மழைக்காலத்திற் குதிரை இலாயங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த துப்பாக்கித் தோட்டாக்களாகும்.

ஊவா மாகாணத்துத் தோட்டப் புறங்களில் துப்பாக்கி புதிய பொருளன்று. கோப்பிக் காலந்தொட்டே துரைமார் வேட்டையாடினர். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு அஞ்சிக் கமக்காரரும் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்தனர். ஹாலிஎல முதலிய மலைப்புற ஊர்களுக்கு மழையும் ஈரமும் இயல்பானவை. உரமும் சாணமும் தோட்ட வாழ்க்கையினின்று பிரிக்க முடியாதவை. பித்தளை, ஈரம், உரம் என்னும் இம்மூன்றும் கூடுமிடத்து நிகழ்வது யாதென ஆராய்தல், துப்பாக்கியையே தொடாதவர்க்கும் பயன் தருவதாகும்.

தோட்டாவின் உறுப்புக்கள்

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. முன்னே பறந்து செல்வது சன்னம். அதனை உந்துவது மருந்து. மருந்துக்குத் தீ மூட்டுவது அடியிற் பதிக்கப்பட்ட சிறு கேப்பு. இம்மூன்றையும் ஒன்றாகப் பிணித்து ஈரம் புகாமற் காப்பது பித்தளையாலான கோது. சுட்டபின் சன்னம் சென்றுவிடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு கருகிவிடும், எஞ்சுவது கோது ஒன்றே.

கோதின் உறுப்புக்களுக்கு மனித உடலின் பெயர்களே வழங்குகின்றன. கேப்பு அமைந்த தடித்த பகுதி அடி. மருந்தைத் தாங்கும் பகுதி உடல். உடல் ஒடுங்கும் சரிவு தோள். சன்னத்தைப் பற்றி நிற்பது கழுத்து. கழுத்தின் திறந்த முனை வாய். இவ்வுறுப்புக்களெல்லாம் ஒரே பித்தளைத் துண்டிலிருந்து உருவாயினும் அவற்றின் தன்மை ஒன்றன்று. அடி கடினமாயிருத்தல் வேண்டும். கழுத்து மென்மையாயிருத்தல் வேண்டும். உடல் இரண்டிற்கும் இடைப்பட்ட வன்மையோடு அமைதல் வேண்டும். இதன் காரணத்தை உணர்ந்தவர் கோதின் இலக்கணத்திற் பாதியை உணர்ந்தவராவர்.

விசையை இழுத்ததும் மருந்து எரிந்து வாயுவாகின்றது. 0.303 அங்குலத் துப்பாக்கியில் அவ்வாயுவின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 18 முதல் 20 தொன் வரை உயரும். அக்கணத்திற் கோது விரிந்து துப்பாக்கியின் உருக்கு அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னோக்கிக் கசியாதவாறு அடைத்துவிடுகின்றது. சன்னம் குழலை விட்டு நீங்கி அமுக்கம் தணிந்ததும், கோது சற்றே சுருங்கி, அறையினின்று எளிதிற் கழன்று வருகின்றது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். மிக மென்மையான உடல் விரிந்தபின் மீளாது அறையில் இறுகிவிடும்; மிகக் கடினமான கழுத்து விரியாது பிளந்துவிடும். அடியோ சிறிதும் நெகிழலாகாது. அது நெகிழ்ந்தால் அல்லது கிழிந்தால், கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கியே பாயும். விரல் நீளமுள்ள ஒரு பித்தளைக் குழாயின் தரத்தில் ஒருவருடைய கண்ணொளி தங்கியிருக்கின்றது எனின் அது மிகையாகாது.

கோது வளர்ந்த கதை

கோதில்லாத் துப்பாக்கிகளே முற்காலத்தில் வழங்கின. பதுளையில் ஆட்சி அதிகாரியாக விளங்கி, ஆயிரத்து நானூறு யானைகள் வரை சுட்டு வீழ்த்தியவர் எனக் கூறப்படும் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. அவர் காலத்து வேட்டைக்காரர் மருந்தையும் குண்டையும் வெவ்வேறாகக் குழலின் வாய்வழியே இட்டுக் கோலால் இடித்தே சுட்டனர். மருந்தையும் சன்னத்தையும் ஒரே காகிதச் சுருளில் மடித்து வைக்கும் முறையும் வழங்கியது. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் பல்லாற் கடித்துக் கிழிக்க மறுத்த, கொழுப்புத் தடவப்பட்ட தோட்டா அத்தகைய காகிதத் தோட்டாவே.

காகிதத்தினின்று பித்தளைக்கு மாறியது அடுத்த தசாப்தத்தில் நிகழ்ந்தது. பிரித்தானியப் படை 1866இல் ஏற்றுக்கொண்ட ஸ்னைடர் துப்பாக்கிக்கென வூல்விச் ஆய்வுகூடத்தின் மேற்பார்வையாளர் எட்வேர்ட் பொக்ஸர் அமைத்த தோட்டா, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி இரும்பு அடியிற் பொருத்தியதாகும். அதன் உடல் 0.577 அங்குலச் சன்னத்துக்கு ஏற்றது. 1871இல் மார்ட்டினி-ஹென்றி என்னும் புதிய துப்பாக்கி வந்தபோது சன்னம் 0.45 அங்குலமாகச் சிறுத்தது, மருந்தோ மிகுந்தது. அவ்வளவு மருந்தையும் ஒடுங்கிய நேர்க்கோதில் அடைத்தால் தோட்டா ஈர்க்குப்போல் நீண்டு வளையும். ஆதலாற் பழைய அகன்ற உடலையே வைத்துக்கொண்டு, முனையை மட்டும் ஒடுக்கிப் போத்தல் வடிவாக்கினர். ஒரு துப்பாக்கியின் கோதைக் கழுத்தொடுக்கி வேறொரு துப்பாக்கிக்கு உரியதாக்கும் கலை, படைக்கலச் சாலையிலேயே இவ்வாறு இடம்பெற்றுவிட்டது.

சுருட்டிய தகட்டின் குறை சூடான் பாலைவனத்தில் வெளிப்பட்டது. 1884, 1885 ஆண்டுகளில் நிகழ்ந்த போரிலே, சூடேறிய துப்பாக்கிகளில் அக்கோதுகள் அறையில் ஒட்டிக்கொண்டன. கழற்றும் கொக்கி அடியை மட்டும் பிய்த்தெடுக்க, உடல் உள்ளே சிக்கிக்கொண்டது. எதிரி நெருங்கும் வேளையிற் சிக்கிய கோது படைவீரனுக்கு மரணத்தின் தூதாயிற்று. அதன்பின், ஒரே பித்தளை வில்லையினின்று இழுத்து உருவாக்கிய ஒருதுண்டுக் கோதே நிலைபெற்றது. 1888இல் வந்த 0.303 அங்குலத் துப்பாக்கியின் கோதும் அவ்வகையினதே. 1900இல் தோன்றி 1949இற் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் சுரிகுழற் படையினர், முதலாம் உலகப் போரின்போது எகிப்துக்குச் சென்றவர்களும் உட்பட, இத்தோட்டாவையே அறிந்திருந்தனர். இந்தியாவில் 1869இல் நிறுவப்பட்ட கிர்க்கித் தோட்டாச் சாலை, இக்காலத்திற் கட்கி எனப்படும் ஊரில் இன்றும் இயங்குகின்றது.

வில்லை கோதாகும் முறை

கோதுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் சேர்ந்திருக்கும். இவ்விகிதத்திலே உலோகம் வன்மையும் நீட்சியும் ஒருங்கே பெறுகின்றது. இக்கலப்புலோகத் தகட்டினின்று முதலில் வட்ட வில்லை வெட்டப்படும். அதனை அச்சின் துளைமீது வைத்து உந்துகோலால் அழுத்தக் கிண்ணம் பிறக்கும். அக்கிண்ணத்தை மேலும் மேலும் ஒடுங்கிய துளைகளின் வழியே தள்ளும்போது, சுவர் மெலிந்து நீளம் வளர்ந்து, சிறுகச் சிறுகக் குழாயாகும். பின்பு வாய் நறுக்கப்படும், அடி பலமாக இடிக்கப்பட்டுக் கேப்புக்குரிய குழி பதிக்கப்படும், விளிம்பு கடையப்படும், இறுதியில் உடல் சரித்துக் கழுத்து ஒடுக்கப்படும்.

ஒவ்வோர் இழுப்பின் பின்னும் நிகழும் ஒரு செயல் ஈண்டுச் சிறப்பாகக் கருதற்பாலது. பித்தளை எண்ணற்ற பளிங்கு மணிகள் நெருங்கி அமைந்த பொருள். குளிர்ந்த நிலையில் அதனை இழுக்கும்போது அம்மணிகள் நசுங்கி நீண்டு ஒன்றையொன்று நெருக்குகின்றன, உலோகம் கடினமாகின்றது. மேலும் இழுத்தாற் கிழிந்துவிடும். ஆதலின் அதனை 600 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் காய்ச்சுவர். அவ்வெப்பத்தில் நசுங்கிய மணிகள் மறைந்து புதிய மணிகள் முளைக்கும். உலோகம் மீண்டும் மென்மையுறும். காய்ச்சியதால் மேலே படிந்த கறையை மென்கந்தகவமிலத்திற் கழுவியபின் அடுத்த இழுப்பு நடைபெறும்.

இம்முறை நம் கன்னார்க்குப் புதியதன்று. குடம் அடிக்கும் கன்னார் சிறிது நேரம் சுத்தியலால் அடிப்பார். தகடு விறைத்து ஓசை மாறியதும் அதனை உலையிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி ஆற்றியபின்பே மீண்டும் அடிப்பார். பளிங்கு மணிகளை நுணுக்குக்காட்டியிற் கண்டவரல்லர் அவர். ஓசையாலும் கைப்பழக்கத்தாலுமே அவற்றின் வருத்தத்தை அறிந்தார்.

0.303 அங்குலத் தோட்டாவின் செய்முறையில் ஒரு விந்தை உண்டு. 1891 முதல் அதில் இடப்பட்ட கோடைற்று என்னும் மருந்து நூல்நூலாக இருக்கும். அந்நூற்கட்டை ஒடுங்கிய கழுத்தின் வழியே நுழைத்தல் எளிதன்று. எனவே நேர்க்குழாயாக இருக்கும்போதே மருந்தை வைத்துவிட்டு, அதன்பின்னரே கழுத்தை ஒடுக்கினர். மருந்து உள்ளே இருக்கையில் நெருப்பை அணுகவிடல் இயலாது. ஆகவே அவ்விறுதி ஒடுக்கத்தாற் கழுத்தில் நேர்ந்த இறுக்கத்தை வெப்பத்தாற் போக்குதற்கு வழியில்லை.

வேறு கோதினின்று தன் கோது

சுட்டபின் எஞ்சிய கோதிற் புதிய கேப்பும் மருந்தும் சன்னமும் தம் கையாலேயே இட்டு நிறைத்துக்கொள்ளும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேட்டைக்காரரிடையே பரவியிருந்தது. தோட்டாவின் விலையிற் பெரும்பகுதி கோதின் விலையாதலின் சிக்கனம் ஒரு காரணம். பின்னாளில் இலக்குச் சுடுநர் நுட்பம் கருதி இதனை ஒரு கலையாகவே வளர்த்தனர். அவர்களுள் ஒரு சாரார் இன்னும் ஒரு படி சென்று, கடையிற் கிடையாத வடிவுடைய கோதுகளைத் தாமே உருவாக்கினர்.

இதற்குத் தூண்டுகோலாய் அமைந்தவை பல. துப்பாக்கி பழையதாகி அதற்குரிய தோட்டா செய்வார் இல்லாதொழிதல் ஒன்று. சட்டம் குறுக்கிடுதல் மற்றொன்று. பின்னதற்கு இந்தியாவே சிறந்த சான்று. மார்ட்டினி-ஹென்றியின் 0.45 அங்குலச் சன்னம் கலகக்காரர் கைக்குச் செல்லலாகாது என்று கருதிய அரசு, 1907ஆம் ஆண்டளவில் அவ்வளவுடைய வேட்டைத் தோட்டாக்கள் இந்தியாவினுள் வருவதைத் தடுத்தது. யானைக்கும் காட்டெருமைக்கும் அவ்வளவுத் துப்பாக்கியே ஏற்றது எனப் பழகியிருந்த வேட்டைக்காரர் திகைத்தனர். இலண்டன் துப்பாக்கிக் கம்மியரோ 0.500 அங்குலக் கோதை எடுத்து அதன் கழுத்தை ஒடுக்கினர். 0.465, 0.470 எனப் புதிய அளவுகள் பிறந்தன. தடைசெய்யப்பட்ட அளவினின்றும் நூலிழை வேறுபட்ட அவ்வளவுகளுக்கு எவ்விதத் தடையும் இல்லை. 0.470 அங்குலத் தோட்டா ஒரு நூற்றாண்டு கழிந்தும் வழக்கில் உள்ளது. ஆட்சியாளரின் ஆணை ஒன்று ஒரு பித்தளைக் கழுத்தின் வடிவமாக நிலைத்துவிட்டமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இங்ஙனம் கோதை உருமாற்றும்போது முதற்கண் நோக்கவேண்டுவது அடி. கழுத்தை ஒடுக்கலாம், தோளைத் தள்ளலாம், நீளத்தை நறுக்கலாம். அடியின் பருமனை மாற்றுதல் எளிதன்று. ஆகவே அடியும் விளிம்பும் ஒத்த கோதையே தாய்க்கோதாகத் தெரிதல் வேண்டும். இரண்டாவது, மாற்றம் படிப்படியாக நிகழவேண்டும். மெல்லிய எண்ணெய் தடவிய கோதை, ஒன்றைவிட ஒன்று சிறிதே ஒடுங்கிய பல அச்சுக்களில் முறையே செலுத்துவர். ஒரே அச்சில் முழு ஒடுக்கத்தையும் நாடுவோர்க்குக் கழுத்து சுருங்குதற்குப் பதிலாகச் சேலையின் கொசுவம்போல் மடிந்துவிடும்.

மூன்றாவது, உலோகம் எங்கும் மறைந்துவிடுவதில்லை என்பதை மறத்தலாகாது. அகன்ற வட்டம் சிறிய வட்டமாகும்போது மிஞ்சிய பித்தளை எங்கே செல்லும்? சுவர் தடிக்கும், கழுத்து நீளும். நீண்ட வாயை நறுக்கவேண்டும். தடித்த சுவரைக் கடைந்து மெலிவிக்கவேண்டும். இதைச் செய்யாது விட்டாற் கழுத்து அறையினுள் விரிதற்கு இடமின்றிச் சன்னத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அமுக்கம் அளவிறந்து ஏறும். கழுத்தை அகலமாக்கும்போது நேர்வது இதற்கு எதிர்மாறு: சுவர் மெலியும், வாய் பிளக்கும்.

நான்காவது, தோள் நிற்கும் இடம். அது அறையின் தோளுக்கு முன்பே நின்றுவிடின், சுடும்போது கோது முன்னோக்கி இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே சுவர் வளையம்போல் மெலியும். அம்மெலிவு வெளியிலிருந்து நோக்குவார்க்கு ஓர் ஒளிக்கீற்றாகவே தோன்றும். உள்ளேயோ அது பள்ளம். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவி அப்பள்ளத்தை அறிவர் அனுபவமுடையோர். அறியாதவர் அடுத்த சூட்டிற் கோது இரண்டாகப் பிரிந்தபின்பே அறிவர்.

நுட்பம் என்பதும் இவற்றிலேதான் அமைந்துள்ளது. பத்துக் கோதுகளின் கழுத்துக்கள் பத்தும் ஒரே தடிப்பும் ஒரே மென்மையும் உடையனவாயின், அவை சன்னத்தை ஒரே இறுக்கத்தோடு விடுவிக்கும். கழுத்தின் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்திருப்பின் சன்னம் குழலின் அச்சுக்குச் சாய்ந்து நிற்கும். தொலைவிலுள்ள இலக்கில் அச்சாய்வு பல அங்குலமாகப் பெருகும். எனவே ஒவ்வொரு கோதையும் நுண்மானியால் அளந்து, வேறுபட்டவற்றை ஒதுக்கி, ஒரே தன்மையினவற்றை ஒரு குழுவாக வைப்பர். ஒவ்வொரு குழுவும் எத்தனை முறை சுடப்பட்டது, எப்போது காய்ச்சப்பட்டது எனக் குறித்தும் வைப்பர். ஆய்வுகூட மாணவனுக்குரிய ஒழுக்கமே இது.

மழைக்கால வெடிப்பு

வடிவம் சரி, அளவும் சரி, மெருகும் சரி. இவ்வாறெல்லாம் குறையற்றுத் தோன்றும் கோது, எவரும் தொடாமலே பெட்டியினுள் வெடித்துக் கிடந்தால் அதற்குக் காரணம் யாது? இந்தியாவிற் பணியாற்றிய பிரித்தானியப் படையினரை நெடுங்காலம் வாட்டிய புதிர் இதுவே. மழைக்காலத்திற் படை நடமாட்டம் குறையும். அப்போது தோட்டாக்களை இலாயங்களில் வைத்துவிட்டு, மழை நின்றபின் எடுப்பது வழக்கம். எடுத்துப் பார்க்கும்போது பல கோதுகளின் கழுத்திலும் உடலிலும் மயிரிழை போன்ற வெடிப்புக்கள் காணப்பட்டன. பருவ மழையோடு தொடர்புற்றுத் தோன்றியமையின் இதனைப் பருவ வெடிப்பு என்று பெயரிட்டு அழைத்தனர். மழையே காரணம் என்று சிலர் கருதினர். பித்தளையின் குறை என்று சிலர் கருதினர்.

இப்புதிரை விடுவித்தோர் வூல்விச் ஆராய்ச்சித் துறையினைச் சார்ந்த மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்போர். 1921இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி, இருவேறு காரணங்கள் ஒருங்கே கூடினாலன்றி இவ்வெடிப்பு நிகழாது என நிறுவியது. ஒன்று, உலோகத்தினுள் உறைந்து கிடக்கும் தகைப்பு. மற்றொன்று, காற்றிற் கலந்த அமோனியா. குதிரையின் சிறுநீர் அழுகும்போது அமோனியா எழும். மழைக்காலத்து ஈரக்காற்று அதனைப் பித்தளைமீது மெல்லிய நீர்ப்படலமாகப் படியவைக்கும். அந்நீர் பளிங்கு மணிகளின் எல்லைகளைத் தேடி அரிக்கும்.

இதன் நுட்பம் சிந்திக்கத்தக்கது. கழுத்தை ஒடுக்கும்போது வெளிப்புறமும் உட்புறமும் ஒரே அளவிற் சுருங்குவதில்லை. ஒருபுறம் விரிய விரும்பும். மறுபுறம் அதனைத் தடுத்துப் பிடிக்கும். கண்ணுக்கு அமைதியாகத் தோன்றும் கோதினுள் இவ்விழுபறி ஓயாது நிகழ்கின்றது. அமோனியா அரித்த நுண்ணிய பிளவின் முனையில் அவ்விழுபறி குவிகின்றது, பிளவு ஆழ்கின்றது, ஆழ்ந்த பிளவினுள் மேலும் அமோனியா புகுகின்றது. தகைப்பற்ற பித்தளையை அமோனியா அரித்தால் மேற்பரப்பு நீலம் பாயுமேயன்றி வெடிக்காது. அமோனியா அணுகாத பித்தளையோ தகைப்பைச் சுமந்தவாறே நெடுங்காலம் வாழ்ந்துவிடும். இரண்டும் கூடியவிடத்தே அழிவு விளையும். வள்ளுவர் உட்பகை என்றோர் அதிகாரம் வகுத்து, வெளிப்பகையினும் அது கொடிது என்பதை உணர்த்தினார். அதில் அரத்தால் அராவப்படும் உலோகத்தையும் உவமை காட்டினார். பித்தளையின் கதைக்கும் அத்தலைப்பு பொருந்துவதாகின்றது.

நோயைக் கண்டவர்களே மருந்தையும் கண்டனர். 250 முதல் 300 பாகை செல்சியசு வரையிலான தாழ்ந்த வெப்பத்திற் கோதைச் சிறிது நேரம் வைத்தால், அதன் வன்மை பெரிதும் குன்றாமலே உள்ளிறுக்கம் மட்டும் தளர்ந்துவிடும். மறைந்த தகைப்பை வெளிப்படுத்தும் சோதனையும் வழக்கில் வந்தது. இரச உப்பொன்றின் கரைசலிற் கோதை அமிழ்த்தினால், ஆண்டுக்கணக்கிற் பிளக்கவிருந்தது நிமிடக்கணக்கிற் பிளந்துவிடும். நூற்றில் ஒன்றிரண்டைப் பலிகொடுத்து மற்றவற்றின் நலத்தை அறியும் முறை அது.

வெப்பத்தின் அளவும் இடமும்

மேலே கூறியவற்றால் வெப்பம் இருவகைப் பயன் உடையதென்பது விளங்கும். தாழ்ந்த வெப்பம் தகைப்பைத் தளர்த்தும். உயர்ந்த வெப்பம் பளிங்கு மணிகளையே புதுப்பித்து உலோகத்தை மென்மையாக்கும். தன் கோதைத் தானே உருவாக்குவோன் இரண்டையும் வேறுபிரித்து உணர்தல் வேண்டும். கழுத்தொடுக்கியபின்னும், பலமுறை சுட்டபின்னும் கழுத்து விறைத்துவிடுகின்றது; அதனைக் காய்ச்சி மென்மையாக்காவிடின் பிளக்கும். தொழிற்சாலைகளிலும் கழுத்தைச் சுடரிற் காய்ச்சுகின்றனர். புதிய படைத்துறைத் தோட்டாக்களின் கழுத்தில் வானவில்போலத் தோன்றும் நிறக்கறை அவ்வெப்பத்தின் தழும்பே. கறையென்று கருதி அதனைக் குறைகூறுவோர், நலத்தின் அடையாளத்தையே நோயென மயங்குவோராவர்.

ஆயின் அவ்வெப்பம் அடியை எட்டலாகாது. பித்தளை வெப்பத்தை விரைந்து கடத்தும். கழுத்தைச் சுடரிற் பிடிக்கும் சில கணத்திற்குள் சூடு கீழிறங்கி அடியை மென்மையாக்கிவிட்டால், அக்கோது கண்ணுக்கு அழகாயும் கைக்குக் கேடாயும் அமையும். மென்மையுற்ற அடியைக் குளிர்நிலையில் மீண்டும் இடித்தாலன்றிக் கடினமாக்க முடியாது. அது வீட்டிற் செய்யத்தக்கதன்று. அதனாலேயே கோதின் கீழ்ப்பாதியை நீரில் நிறுத்தி மேற்பாதியை மட்டும் சுடரிற் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. வெப்பம் மிகுந்தாலும் தீங்கே. பளிங்கு மணிகள் அளவின்றிப் பெருத்துக் கழுத்தின் மேற்பரப்பு தோடம்பழத்தோல் போலாகும். அக்கழுத்து சன்னத்தைப் பற்றும் ஆற்றலை இழக்கும். சிறிதும் காய்ச்சாமை ஒரு பிழை. மிகக் காய்ச்சுதல் மற்றொரு பிழை. இடமறியாது காய்ச்சுதல் இரண்டினும் பெரும்பிழை.

ஊவாவின் ஈரமும் தோட்டத்து உரமும்

இனி, இவ்வாராய்ச்சி ஹாலிஎல போன்றதோர் ஊருக்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதை நோக்குவாம். இந்தியாவின் பெரும்பகுதியில் ஆடி, ஆவணி மாதங்கள் மழைக்காலம். ஊவாவிலோ அம்மாதங்களிற் கச்சான் காற்று உலர்ந்து வீசும். அவ்வுலர்வினாலேயே ஊவாத் தேயிலை தன் சிறந்த மணத்தைப் பெறுகின்றது. இங்குப் பெருமழை ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும். ஆகவே பித்தளைக்குத் தீங்கான பருவமும் இங்கு மாறி அமைகின்றது.

குதிரை இலாயங்கள் தோட்டங்களினின்று மறைந்துவிட்டன, அமோனியா மறைந்துவிடவில்லை. மாட்டுத் தொழுவத்திலும் கோழிக்கூட்டிலும் அது எழும். தேயிலைக்கு இடப்படும் அமோனியம் சல்பேற்று சுண்ணாம்போடு ஈரத்திற் சேர்ந்தால் அமோனியாவை வெளிவிடும். ஈரமண்ணிற் சிதைவுறும் யூரியாவும் அவ்வாறே. உரக் களஞ்சியத்தின் மூலையிலோ தொழுவத்தை அடுத்த அறையிலோ பித்தளைப் பொருளை வைத்தல், பழைய இலாயத்தின் தவற்றை மீண்டும் செய்தலாகும். தோட்டா மட்டுமன்று, பூட்டு, குழாய்மூடி, நீர்க்குழாய்த் திருகு, இறுக்கி அடித்த விளக்குத்தண்டு ஆகிய எதுவாயினும் உள்ளே தகைப்புடையதாயின் அதே விதியே அதற்கும் உரியது. அமோனியா கலந்த மெருகுநீரால் அழுத்தமான பித்தளைப் பாகங்களைத் துலக்குவோரும் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

துப்பாக்கியும் தோட்டாவும் விளையாட்டுப் பொருள்களல்ல. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இவற்றை உரிமத்தின் எல்லைக்குள் வைத்துள்ளன. தோட்டா நிறைத்தல் சட்டம் இசைந்த நாடுகளில், உரிமம் பெற்றோர் செய்யும் பயிற்சியாகவே கருதற்பாலது. ஆயினும் ஒரு கோதின் வாழ்க்கையை அறிதற்கு உரிமம் வேண்டுவதில்லை. தாழ்வாரத்திற் பூச்செண்டு தாங்கி நிற்கும் பழைய பீரங்கிக் கோதையும், பெட்டியடியிற் கிடக்கும் துருவேறாத வெற்றுக் கோதையும் காணும் மாணவன், அதன் கழுத்தை உற்று நோக்குவானாக. நெடுக்காக ஓடும் மயிரிழை ஒன்று தென்படின், அது அண்மைக் காலத்துக் காயமன்று. என்றோ ஓர் அச்சு அழுத்திய அழுத்தம், என்றோ ஒரு தொழுவத்துக் காற்று இரண்டும் சேர்ந்து எழுதிய வரி அது.

ஒரு பொருளை வேண்டிய வடிவுக்குக் கொணர்ந்துவிட்டதால் வேலை முடிந்துவிடுவதில்லை. வடிவம் தரும்போது உள்ளே புகுந்த இறுக்கத்தை உரிய வெப்பத்தால் உரிய இடத்தில் தளர்த்திய பின்னரே வேலை நிறைவுறும். கன்னார் இதனைத் தம் உலையருகே கற்றனர். படைத்துறையினர் பல பெட்டித் தோட்டாக்களை இழந்தபின் கற்றனர். விஞ்ஞானம் செய்த உதவி, முன்னவர் கையில் இருந்த அறிவுக்கும் பின்னவர் பட்ட இழப்புக்கும் பொதுவான காரணத்தைக் காட்டியதேயாகும்.